பழைய கப்பல் குரோனோமீட்டர்: வாங்குவது, ஓடவைப்பது, தீர்க்கரேகை பார்ப்பது

கப்பல் குரோனோமீட்டர் என்பது நடுக்கடலில் தீர்க்கரேகை கண்டுபிடிக்க மாலுமிகள் மரப்பெட்டியில் வைத்திருந்த, சாவி கொடுத்து ஓடும் கடிகாரம். அதை எந்த மொழியில் தேடினாலும் முதலில் வந்து நிற்பது, பதினெட்டாம் நூற்றாண்டில் அப்படி ஒன்றை முதலில் வெற்றிகரமாகச் செய்த ஆங்கிலேயர் ஜான் ஹாரிசன் கதைதான். நல்ல கதை. ஆனால் ஒரு பழைய பெட்டியைக் காசு கொடுத்து வாங்கி, சுங்கத்தில் மீட்டு, வீட்டு மேசையில் ஓடவைத்து, கடற்கரையில் அதைக் கொண்டு தீர்க்கரேகை கணக்கிட நினைப்பவருக்கு அந்தக் கதையால் பிரயோசனம் இல்லை. நான் அலைந்து, பலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். இந்தியாவில் இருந்துகொண்டு வெளிநாட்டிலிருந்து வாங்குபவருக்காக எழுதியது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கருவி சரியான நேரம் காட்ட வேண்டியதில்லை. எவ்வளவு தப்பாகக் காட்டுகிறது என்று உங்களுக்குத் தெரிந்தால் போதும்; அந்தத் தப்பு தினமும் ஒரே அளவில் கூடவோ குறையவோ வேண்டும். "நொடி பிசகாமல் ஓடும்" என்று விற்பவர் சொன்னால் மயங்காதீர்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு: தினப் பிழை ஒரே அளவில் இருக்கிறதா?

1. எதை வாங்குவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

புதிதாக இறங்குபவர்களுக்கு நடைமுறையில் மூன்று வழிகள்தான்.

சோவியத் 6எம்எக்ஸ்: மாஸ்கோ முதல் கடிகார ஆலையில் செய்தது. டயலில் ரஷ்ய எழுத்தில் கிரோவ் அல்லது பொல்யோட் என்று இருக்கும். இருப்பதிலேயே மலிவு இதுதான். நல்ல நிலையில் இருப்பது ஆயிரம் டாலருக்கு முன்பின் கிடைக்கும்.

ஹாமில்டன் 21: 1942 முதல் அமெரிக்கக் கடற்படைக்காகத் தயாரானது. ஆட்டத்தைச் சீராக்கும் ஹேர்ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருள், எலின்வார் என்ற கலப்பு உலோகம் என்பதால் வெப்பநிலை மாறினாலும் ஓட்டம் அதிகம் அலையாது. உதிரிபாகமும் விவரம் தெரிந்த பழுதுபார்ப்பவரும் ஓரளவு கிடைப்பது இதற்குத்தான். ஆயிரம் டாலரில் ஆரம்பித்து இரண்டாயிரத்தைத் தாண்டும். என் ஓட்டு இதற்கே.

மூன்றாவது, தாமஸ் மெர்சர் போன்ற ஆங்கிலேயப் பட்டறைகளின் பெட்டிகள். அழகு. ஆனால் முதல் கருவியாக வேண்டாம். விலையும் கூட, காகிதத் தலைவலியும் கூட.

ஹாமில்டன் 22 என்று ஒன்று விற்பனைக்கு வரும். 21-க்கும் அதற்கும் எண்ணில் ஒன்றுதான் வித்தியாசம், உள்ளே இயந்திரமே வேறு. எஸ்கேப்மென்ட் என்பது ஸ்பிரிங்கின் விசையைத் தட்டுத் தட்டாக விடும் பகுதி. 21-இல் இருப்பது டிடென்ட் எஸ்கேப்மென்ட். 22-இல் இருப்பது கைக்கடிகாரத்தில் உள்ள லீவர் வகை. 22 மோசமானது இல்லை, சொல்லப்போனால் பராமரிக்க எளிது. ஆனால் 21-இன் விலை கொடுத்து 22-ஐ வாங்காதீர்கள்.

குஜராத்தில் ஆலங் கப்பல் உடைக்கும் துறைக்கு வெளியே வரிசையாக இருக்கும் கடைகளில் கிடைக்காதா என்று கேட்பீர்கள். கப்பலிலிருந்து இறங்கிய சாமான் எல்லாம் அங்கே விற்கிறார்கள், உண்மைதான். ஆனால் இப்போது உடைக்க வரும் கப்பல்களில் பெரும்பாலும் இருப்பது பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் குரோனோமீட்டர். சாவி கொடுத்து ஓடும் கருவிதான் வேண்டும் என்றால் அங்கே போவது வீண்.

2. போலியைப் பிரித்தறியுங்கள்

ரூர்க்கியில் பித்தளையில் கப்பல் சாமான்களின் நகல் செய்யும் பட்டறைகள் நிறைய உண்டு. அலங்காரப் பொருளாக விற்றால் அதில் தப்பில்லை. அதே பொருள் கைமாறிக் கைமாறி இணையத்தில் "பாட்டனார் கப்பலில் இருந்தது" என்று வரும்போதுதான் சிக்கல். மரப்பெட்டி, பித்தளை வளையம், டயலில் ஒரு லண்டன் பெயர், பெரிய எழுத்தில் ஒரு வருடம். உள்ளே ஐம்பது ரூபாய் குவார்ட்ஸ் இயந்திரம்.

அசலில் இவையெல்லாம் இருக்க வேண்டும்: டயலில் 6 மணி இடத்தில் பெரிய நொடி வட்டம். 12 மணி இடத்தில் 0 முதல் 56 வரை எண்ணிட்ட சின்ன வட்டம். சாவி கொடுத்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதை அது காட்டும். டயலிலும், இயந்திரத் தகட்டிலும், பெட்டியிலும் ஒரே வரிசை எண். பெட்டியின் எண் வேறாக இருந்தால் விலையைப் பேசிக் குறைக்கலாம். இயந்திரத்தின் எண்ணும் டயலின் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் விட்டுவிடுங்கள்.

படம் போதாது, ஒரு நிமிட வீடியோ ஒலியோடு கேளுங்கள். நொடி முள் அரை நொடிக்கு ஒரு தாவலாகப் போகும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நிமிடத்துக்கு 120 தட்டல். ஒரு தட்டல் அழுத்தமாகவும் அடுத்தது மெலிந்தும் கேட்டால், அல்லது முள் சில இடங்களில் தயங்கினால், பழுதுச் செலவையும் மனதில் கூட்டிக்கொள்ளுங்கள்.

"ஓடவில்லை, சுத்தம் செய்தால் சரியாகிவிடும்" என்று போட்டிருந்தால் தள்ளி நில்லுங்கள். டிடென்ட் என்பது காகிதத்தைவிட மெல்லிய ஸ்பிரிங்கின் முனையில் நிற்கும் ஒரு சின்னக் கொக்கி. தெரியாத கை பட்டால் முதலில் உடைவது அதுதான். புதிதாக ஒன்றைக் கையால் செய்து பொருத்தத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே குறைவு, அவர்கள் கேட்கும் கூலியும் அதற்கேற்றபடி இருக்கும்.

3. காகிதங்கள்

முதலில் கருவியோடு வர வேண்டியவை. சோவியத் பெட்டியோடு பாஸ்போர்ட் என்று அவர்கள் சொல்லும் சிறு கையேடு வரும். ஆலையில் வெவ்வேறு வெப்பநிலையில் சோதித்த அளவுகள் அதில் இருக்கும். ஹாமில்டனோடு கடற்படைப் பதிவேடு வந்தால் அதிர்ஷ்டம். கடைசியாகச் சுத்தம் செய்து எண்ணெயிட்ட ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் சர்வீஸ் ஆகவே இல்லை என்று வைத்துக்கொண்டு, சில நூறு டாலரை அதற்கென்று ஒதுக்குங்கள்.

அடுத்தது யானைத் தந்தம். யாரும் எச்சரிக்காத பொறி இது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பெட்டிகளின் முகப்பில், கடிகாரம் செய்தவர் பெயரும் எண்ணும் பொறித்த வெள்ளை வட்டத் தகடு பதித்திருக்கும். பலவற்றில் அது தந்தம், சிலவற்றில் எலும்பு. படத்தில் பார்த்துச் சொல்ல முடியாது. பிரிட்டனில் 2018-இல் இயற்றிய தந்தச் சட்டம் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. 1947-க்கு முந்தைய, தந்தத்தின் அளவு பத்து சதவீதத்துக்கும் குறைவான பொருளைக்கூடப் பதிவு செய்துதான் விற்க முடியும். இந்தியாவிலோ தந்த வியாபாரத்துக்கே தடை. இவ்வளவு சின்னத் தகட்டுக்காக முழுப் பெட்டியும் சுங்கத்தில் மாட்டிக்கொள்ளும். பித்தளைத் தகடு உள்ளதைத் தேர்ந்தெடுங்கள், "பெட்டியில் தந்தம் எதுவும் இல்லை" என்று விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள். ஹாமில்டனிலும் சோவியத்திலும் இந்தத் தொல்லையே கிடையாது.

சுங்கத்துக்கு வேண்டியவை: பொருள் என்ன, எந்த ஆண்டுவாக்கில் செய்தது, சொந்த உபயோகத்துக்கு என்று தெளிவாக எழுதிய இன்வாய்ஸ், பணம் கட்டிய சான்று, உங்கள் ஆதார் அல்லது பான். கூரியர் நிறுவனம் கேஒய்சி கேட்டு மின்னஞ்சல் அனுப்பும். அது பெரும்பாலும் குப்பைக் கோப்புறையில் போய் விழும். நீங்கள் கவனிக்காத ஒவ்வொரு நாளுக்கும் கிடங்கு வாடகை ஏறும்.

தீர்வையைப் பொருளின் விலைக்கு மட்டும் போடுவார்கள் என்று நினைக்காதீர்கள். விலை, காப்பீடு, அனுப்பும் கூலி மூன்றையும் கூட்டி அதன்மேல் போடுவார்கள். வீதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும், அதனால் வாங்கும் வாரத்தில் கூரியர்காரரிடமே கேளுங்கள். ஏலத்தில் எடுத்தால் சுத்தியல் விலைக்கு, அதாவது ஏலம் முடிந்த விலைக்கு மேல் இருபது, முப்பது சதவீதம் ஏல நிறுவனத்தின் கமிஷன் வரும். "விலையைக் குறைத்துப் போட்டு அனுப்பட்டுமா?" என்று சில விற்பனையாளர்கள் நல்லெண்ணத்தோடு கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். சட்டத்துக்குப் புறம்பு என்பது ஒரு பக்கம். வழியில் உடைந்தால் எழுதிய விலைதான் காப்பீட்டில் வரும்.

இன்னொன்று: நூறு வயதைத் தாண்டிய பொருள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கணக்கில் வரக்கூடும். பின்னாளில் நீங்கள் வெளிநாட்டுக்குக் குடிபோனால் அதைக் கையோடு கொண்டுபோக முடியாமல் போகலாம். நூறு ஆகாததற்கும் விமான நிலையத்தில் கேள்வி வந்தால், தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழைத் தொல்லியல் துறையிடம் வாங்க வேண்டும். வாங்கிய இன்வாய்ஸைப் பத்திரமாக வையுங்கள், வயதுக்கு அது ஒரு சாட்சி.

4. பெட்டி பயணப்படும் முன்

அனுப்புகிறவருக்கு இதெல்லாம் தெரியும் என்று நம்பிவிடாதீர்கள். நீங்களே எழுதி அனுப்புங்கள்:

கருவி தானாக நிற்கும்வரை சாவி கொடுக்காமல் விட வேண்டும். ஸ்பிரிங் முழுக்கத் தளர்ந்திருக்க வேண்டும். பிறகு கண்ணாடி வளையத்தைக் கழற்றி, இயந்திரத்தை வெளியே எடுத்து, முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பாலன்ஸ் சக்கரத்தின் விளிம்புக்கு அடியில் எதிரெதிராக இரண்டு மெல்லிய கார்க் ஆப்பு வைக்க வேண்டும். இது தெரிந்தவர் செய்கிற வேலை. கப்பல் ஆடினாலும் கருவியைக் கிடையாக வைத்திருக்கும் கிம்பல் வளையத்தைப் பூட்ட வேண்டும். இயந்திரம் உட்கார்ந்திருக்கும் பித்தளைக் கிண்ணத்தை வளையத்திலிருந்து எடுத்துத் தனியாகச் சுற்றி வைத்தால் இன்னும் நல்லது. அட்டைப் பெட்டிக்குள் இன்னொரு அட்டைப் பெட்டி.

எனக்கு ஒரு முறை கூரியர் வழியே வந்த பெட்டியில் கிம்பல் பூட்டு திறந்திருந்தது. ஒன்றரைக் கிலோவுக்கு மேலுள்ள பித்தளைக் கிண்ணம் வழியெல்லாம் முட்டி மோதி, மரத்தில் பிறை வடிவத்தில் பள்ளம் விழுந்திருந்தது. நட்ட ஈடு கேட்டதற்கு, வெளி அட்டையில் சேதம் இல்லையே என்று பதில். ஆகவே பெட்டியைப் பிரிக்கும்போது முதல் டேப்பிலிருந்தே வீடியோ எடுங்கள்.

5. வந்த அன்று ஓடவைக்க வேண்டாம்

ஒரு நாள் மூடியபடியே அறையில் வையுங்கள். குளிர்ந்த சரக்கு விமானத்திலிருந்து வந்த உலோகத்தில் நம் ஊர்க் காற்றின் ஈரம் படியும்.

கார்க் வைத்து வந்திருந்தால் அதை எடுக்காமல் சாவி கொடுக்கக் கூடாது. எடுக்கத் தெரியவில்லை என்றால் தெரிந்தவரிடம் போங்கள். தெரிந்தவர் என்றால் டிடென்ட் எஸ்கேப்மென்ட்டைக் கையாண்டவர். பெரிய கடிகாரக் கடையில் முப்பது வருடம் இருந்தவரானாலும் இதை முதல் முறையாகப் பார்க்கிறார் என்றால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி வாருங்கள். ஒரு கேள்வியில் கண்டுபிடித்துவிடலாம்: "எஸ்கேப் சக்கரத்தின் பல்லுக்கு எண்ணெய் விடுவீர்களா?" விடுவேன் என்றால் அவர் ஆள் இல்லை. இந்த வகைக்கு அங்கே எண்ணெய் கூடாது. ஸ்பிரிங்கில் முறுக்கு இருக்கும்போது பாலன்ஸ் சக்கரத்தைக் கழற்றுகிறவரும் ஆபத்தானவர்தான். தடுக்க ஆள் இல்லாமல் சக்கரங்கள் தறிகெட்டுச் சுழன்று டிடென்ட்டைப் பதம் பார்த்துவிடும்.

6. சாவி கொடுத்து, நேரம் பார்த்துத் தட்டிவிடுவது

கிண்ணத்தை ஒரு கையால் மெதுவாகத் தலைகீழாகத் திருப்புங்கள். அடியில் தூசி மூடி இருக்கும், விரலால் தள்ளினால் சாவித் துளை தெரியும். சாவியை இடப்பக்கமாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் திருப்ப வேண்டும். தினசரி அளவு ஏழு, ஏழரை அரைச்சுற்று; முழுக்கத் தளர்ந்து நின்ற கருவிக்கு முதல் முறை அதைவிட அதிகம் ஆகும். எண்ணிக்கொண்டே போங்கள், கடைசிச் சுற்றில் மெதுவாக. ஒரு தடை தட்டுப்படும், அதோடு நிறுத்துங்கள். பிறகு கிண்ணத்தைப் பிடித்தபடியே நிமிர்த்துங்கள், பட்டென்று விட்டுவிடாதீர்கள். மேலே உள்ள சின்ன முள் 0 பக்கம் வந்திருக்கும்.

ஆனாலும் ஓடாது. பயப்பட வேண்டாம். இந்த வகை தானாகக் கிளம்பாது. கிண்ணத்தை இரு கையாலும் பிடித்து, கால் சுற்று அளவுக்கு வெடுக்கென்று திருப்பி நிறுத்தினால் பாலன்ஸ் ஆட ஆரம்பிக்கும். ஒரு முறை போதும்.

எப்போது திருப்புவது என்பதில்தான் சூட்சுமம். முள்ளைத் தொடவே தேவையில்லை. நின்றிருக்கும் கருவி 7 மணி 20 நிமிடம் 13 நொடி காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். யுடிசி (உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்) 7:20:13 ஆகும் தருணத்தில், அதாவது நம் நேரம் பகல் 12:50:13-க்கு, திருப்பிவிடுங்கள். டயல் 12 மணி நேரத்துக்கு உரியது என்பதால் அதைத் தவறவிட்டால் நள்ளிரவு தாண்டி 12:50-க்கு இன்னொரு வாய்ப்பு.

கருவி எப்போதும் யுடிசியில்தான் ஓட வேண்டும். வீட்டில் மற்றவர்களுக்கு இதைச் சொல்லிவையுங்கள். சுவர்க் கடிகாரத்தோடு ஐந்தரை மணி ஒத்துப்போகாததைப் பார்த்து யாராவது "சரி" செய்துவிடுவார்கள்.

வைக்கும் இடம்: ஸ்பீக்கர், மோட்டார் பக்கத்தில் வேண்டாம். ஏசி காற்று நேராக அடிக்கும் இடமும் வெயில் விழும் ஜன்னலும் வேண்டாம். கிம்பல் பூட்டைத் திறந்து வையுங்கள். சாவி தினமும் ஒரே நேரத்தில். 56 மணி நேரம் ஓடும் என்பது மறதிக்காக வைத்த இடைவெளி, இரண்டு நாளுக்கு ஒரு முறை கொடுக்கலாம் என்று அர்த்தமில்லை. ஸ்பிரிங்கின் ஒரே பகுதியில் தினமும் ஓடினால்தான் ஓட்டம் சீராக இருக்கும்.

7. நோட்டுப் புத்தகம்

இனி முள்ளைத் தொடக் கூடாது. எத்தனை நிமிடம் பிசகினாலும் தொடக் கூடாது. நோட்டில் எழுதுவதுதான் வேலை: தேதி, ஒப்பிட்ட நேரம், பிழை, நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம், அறை வெப்பநிலை. கருவி முந்தினால் கூட்டல் குறி, பிந்தினால் கழித்தல் குறி. நாள் வித்தியாசத்துக்கு மாலுமிகள் ரேட் என்பார்கள்.

நேரம் எங்கிருந்து எடுப்பது என்பதில் பலர் கோட்டை விடுகிறார்கள். இணைய வழி வானொலியும் தொலைக்காட்சியும் பல நொடி தாமதமாக வரும். பிபிசி வானொலியின் நேரம் சொல்லும் பிப் ஒலியைச் செயலியில் கேட்டு ஒப்பிட்டால் அந்தத் தாமதம் முழுக்க உங்கள் நோட்டில் ஏறும். கைப்பேசிக் கடிகாரத்தையும் அப்படியே நம்பாதீர்கள். நேரச் சேவையகத்தோடு ஒப்பிட்டு விலகலைக் காட்டும் செயலியைப் பயன்படுத்துங்கள். பழைய ஜிபிஎஸ் கருவி வைத்திருந்தால், போட்டவுடன் காட்டும் நேரத்தை எடுக்காதீர்கள். ஜிபிஎஸ் நேரம் யுடிசியைவிட 18 நொடி முன்னால் ஓடுகிறது. அந்தத் திருத்தம் செயற்கைக்கோளிலிருந்து வந்து சேரப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல்கூட ஆகலாம்.

எனக்குப் பிடித்த முறை: யுடிசி ஓடும் மடிக்கணினித் திரையையும் குரோனோமீட்டர் டயலையும் ஒரே சட்டத்தில் கைப்பேசியில் வீடியோ எடுத்து, அப்புறம் ஒவ்வொரு படமாக நிறுத்திப் பார்ப்பது. நொடி முள் அரை நொடியில் தாவும் இடம் தெளிவாகத் தெரியும்.

முதல் வாரத்து எண்களைத் தூக்கிப் போடுங்கள். பயணம் செய்து வந்த கருவி நிலைகொள்ள நாளாகும். அதன்பின் ஒரு மாதம் எழுதினால் படம் கிடைத்துவிடும். தினமும் நாலு நொடி முந்துகிறது, எப்போதும் நாலுதான் என்றால் அருமையான கருவி. ஒரு நாள் அரை நொடி முந்தி, மறுநாள் இரண்டு நொடி பிந்தி, மாதக் கடைசியில் கூட்டினால் பூஜ்யம் வருகிறது என்றால் அதற்கு சர்வீஸ் தேவை.

8. கன்னியாகுமரியில் சோதித்துப் பாருங்கள்

உங்கள் ஊர் நண்பகல் கிரீன்விச் நண்பகலிலிருந்து எவ்வளவு நேரம் விலகியிருக்கிறது என்பதுதான் தீர்க்கரேகை. பூமி நாலு நிமிடத்தில் ஒரு பாகை சுழல்கிறது. நாலு நொடிக்கு ஒரு கலை, அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்கு. நிலநடுக்கோட்டை ஒட்டி அது ஒரு கடல் மைல். இதைக் கையால் செய்து பார்க்கத் தெற்கே திறந்த கடல் வேண்டும். மெரினா கிழக்குப் பார்த்தது, நண்பகல் சூரியனுக்குக் கீழே அங்கே நிலம்தான் இருக்கும். கன்னியாகுமரி தோதான இடம். விவேகானந்தர் பாறையும் திருவள்ளுவர் சிலையும் அடிவானத்தை மறைக்காத இடமாகப் பார்த்து நில்லுங்கள். டிசம்பர் கடைசி வாரம் மிகப் பொருத்தம்: சூரியனின் தெற்குச் சாய்வு அப்போது மிக மெதுவாகத்தான் மாறும். அறைக்கு மட்டும் முன்பே சொல்லிவையுங்கள், சபரிமலை சீசன் கூட்டமும் விடுமுறைக் கூட்டமும் ஒன்றாக இருக்கும்.

வேண்டியவை: ஒரு செக்ஸ்டண்ட் (அடிவானத்துக்கு மேல் சூரியனின் உயரத்தைப் பாகையில் அளக்கும் கருவி), அந்த வருடத்து நாட்டிகல் அல்மனாக் (சூரியன், நட்சத்திரங்களின் நிலையை நாள்தோறும் தரும் மாலுமிகளின் அட்டவணைப் புத்தகம்), ஒரு நிறுத்தக் கடிகாரம், நோட்டு. குரோனோமீட்டரைக் கடற்கரைக்கு எடுத்துப் போகாதீர்கள். கப்பலிலும் அதை மேல்தளத்துக்குக் கொண்டுவர மாட்டார்கள். அறையில் அதைப் பார்த்து நிறுத்தக் கடிகாரத்தை ஓடவிட்டு, அதோடு கரைக்குப் போங்கள். ரயிலில் வரும்போது கிம்பலைப் பூட்டி, பெட்டியை மடியில் கிடையாக வைத்துக்கொள்ளுங்கள்; முக்கியமாக, பெட்டியோடு சட்டென்று திரும்பாதீர்கள்.

காலை பத்தேகால் வாக்கில் செக்ஸ்டண்டில் ஓர் உயரத்தை, சுமார் 47 பாகை, முன்கூட்டியே வைத்துவிட்டுக் காத்திருங்கள். வண்ணக் கண்ணாடிகளைப் போடாமல் சூரியனைப் பார்க்கவே கூடாது. சூரியனின் கீழ் விளிம்பு அடிவானத்தைத் தொடும் நொடியைக் குறியுங்கள். பிறகு செக்ஸ்டண்டின் கையைத் தொடாமல் நிழலில் வையுங்கள். பிற்பகல் இரண்டேகால் வாக்கில், அதே இடத்தில் அதே உயரத்தில் நின்று, இறங்கி வரும் சூரியன் அதே அளவைத் தொடும் நொடியைக் குறியுங்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பது உங்கள் ஊர் நண்பகல். செக்ஸ்டண்டின் உள்பிழை, கண் உயரத் திருத்தம், ஒளிவிலகல் எல்லாம் இரு பக்கமும் ஒன்றாக இருப்பதால் அடிபட்டுப் போகும், புதியவருக்கு இந்த முறையின் வசதி அதுதான். பிளாஸ்டிக் செக்ஸ்டண்ட் என்றால் வெயிலில் வளையும். நிழலில் வைக்கச் சொன்னது அதற்காக.

கணக்கை உதாரண எண்களோடு காட்டுகிறேன். டிசம்பர் 20-இல் பிழை +1 நிமிடம் 4.5 நொடி, ரேட் நாளுக்கு +1.5 நொடி. ஐந்து நாளில் 7.5 நொடி. ஆக 25-இல் பிழை +1 நிமிடம் 12 நொடி. காலைத் தொடுகை குரோனோமீட்டரில் 4:51:04, பிற்பகல் 8:50:56. நடுப்புள்ளி 6:51:00. பிழையைக் கழித்தால் யுடிசி 6:49:48. டிசம்பர் 25 வாக்கில் சூரியக் கடிகாரம் காட்டும் நேரத்துக்கும் சாதாரணக் கடிகாரம் காட்டும் சராசரி நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய பூஜ்யம், ஆனால் அது ஒரே நாளில் அரை நிமிடம் மாறும். அல்மனாக்கில் அன்றைய அளவைப் பார்த்துச் சேர்க்க வேண்டும். உதாரணத்துக்குப் பூஜ்யம் என்றே கொள்வோம். 12 மணியிலிருந்து 6:49:48-ஐக் கழித்தால் 5 மணி 10 நிமிடம் 12 நொடி. அதைப் பதினைந்தால் பெருக்கினால் 77 பாகை 33 கலை கிழக்கு. கன்னியாகுமரிதான்.

அந்த 1 நிமிடம் 12 நொடியைக் கழிக்காமல் விட்டால் விடை 77 பாகை 15 கலை என்று வரும். முப்பது கிலோமீட்டருக்கு மேல் மேற்கே தள்ளி, குளச்சலுக்குத் தெற்கே கடலுக்குள் நிற்பதாகக் கணக்கு சொல்லும்.

முதல் முறையிலேயே கலை சுத்தமாக வராது. அந்த நேரத்தில் சூரியன் நிமிடத்துக்குப் பத்துக் கலை ஏறுகிறது. ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு கலை தவறினால் நடுப்புள்ளி மூன்று நொடி நகர்ந்துவிடும். அதனால் 46 பாகை 40 கலை, 47 பாகை, 47 பாகை 20 கலை என்று மூன்று ஜோடி எடுங்கள். பிற்பகலில் அவை தலைகீழ் வரிசையில் வரும். மூன்று நடுப்புள்ளிகளும் சில நொடிக்குள் ஒத்துப்போனால் சராசரி எடுக்கலாம். ஒன்று மட்டும் விலகினால் அதை விட்டுவிடுங்கள்.

ஊர் திரும்பியதும் அன்றே மறுபடியும் ஒப்பிட்டு நோட்டில் எழுதுங்கள். பயணத்தில் ரேட் மாறியிருக்கும். கிளம்பும் முன் எழுதிய பிழைக்கும் திரும்பிய பின் எழுதிய பிழைக்கும் உள்ள வித்தியாசத்தை நாள் கணக்கில் பிரித்து, 25-ஆம் தேதிக்கு உண்மையில் என்ன பிழை இருந்திருக்கும் என்று பார்த்துக் கணக்கைத் திரும்பப் போடுங்கள். இரண்டு கணக்குக்கும் வித்தியாசம் இரண்டு கலைக்கு மேல் வந்தால் கருவி வழியில் அதிர்ந்திருக்கிறது. ஒரு வாரம் தினமும் எழுதிப் பாருங்கள், ரேட் பழைய இடத்துக்கு வராவிட்டால் சர்வீஸுக்கு அனுப்புங்கள்.